ஆதிநாராயணன் பிழைத்த கிளை

கிருஷ்ணம்மா வரப்போகிறாள் என்று போன் வந்ததிலிருந்து தேவசேனாவுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. பெற்ற தாய் வருவதற்கு எந்த மகளாவது பயப்படுவாளா? இவள் பயந்தாள். புருஷனின் காரியம் முடிந்த கையோடு, துக்க வீட்டுக்காரி ஊரைத் தாண்டக்கூடாது என்று உறவுக்காரர்கள் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், நகரியில் பஸ் ஏறிவிட்டாள் கிருஷ்ணம்மா. திருப்பதிக்கு வருகிறாளே என்று பார்த்தால் மலையேறவும் இல்லை. சாவு நடந்த வருஷம் அவர்கள் வீட்டில் மலைக்குப் போக மாட்டார்கள். மகளுக்கு ஆறுதல் சொல்லவும் இல்லை.

"உங்க நைனா கடைசியா நடிச்சத நான் பாக்கணும். காட்டுவியா மாட்டியா?" என்று கேட்டாள். பதில் வருவதற்குள் போனை வைத்துவிட்டாள்.

தேவசேனாவும் அவள் கணவன் கமலக்கண்ணனும் மலையடிவாரமான அலிபிரிக்குப் போகிற சாலையை ஒட்டி, ஒரு லாட்ஜுக்குப் பின்புறம் மாடியில் இரண்டு அறை எடுத்து வீடியோப் பாடம் தயாரிக்கிறார்கள். சினிமா இல்லை, கல்யாண வீடியோவும் இல்லை. ஆன்லைனில் படிக்கிறவர்களுக்கான பாடம், அதிலும் கொஞ்சம் வம்பு பிடித்த பாடம். பாதி ஓடும், நின்றுவிடும். திரையில் ஒரு கேள்வி வரும், கீழே இரண்டு பட்டன். பார்க்கிறவர் எதை அழுத்துகிறாரோ அந்த வழியில் கதை போகும். அந்த வழிகளை இவர்கள் கிளை என்பார்கள். பார்க்கிறவர் ஒரு கிளையோடு எழுந்து போய்விடலாம். எடுக்கிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. சரியான கிளை, தப்பான கிளை இரண்டையும் ஒரே அக்கறையோடு எடுத்தாக வேண்டும்.

இந்தத் தடவை, வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஆள் பழக்குகிற ஒரு நிறுவனம் பாடம் கேட்டிருந்தது. பாடம் நெஞ்சு வலி. வயதான ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார், நீங்கள் என்ன செய்வீர்கள்? அ பட்டன், 'கேஸ் தொந்தரவாக இருக்கும், சோடா கொடுத்துப் படுக்கவைப்பேன்.' ஆ பட்டன், 'உடனே 108-க்கு போன் செய்வேன்.' அ-வை அழுத்தினால் மனிதர் செத்துப்போவார். ஆ-வை அழுத்தினால் பிழைத்துக்கொள்வார். அவ்வளவுதான் கதை.

அந்த வயதானவருக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, "அப்போ நான் எதுக்குக் கீறேன்?" என்று வந்து நின்றவர் ஆதிநாராயணன், தேவசேனாவின் நைனா. நகரியில் விசைத்தறி ஓட்டியவர். அந்தச் சத்தத்திலேயே இருந்து காது பாதிதான் கேட்கும். சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டையோ, ரகசியம் சொன்னால்கூடத் தெருக்கோடி வரைக்கும் போகும். கதையைக் கேட்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஒரு தடவ பொழைக்கணும், ஒரு தடவ சாவணும். தெலுங்குல ஒருவாட்டி, தமிழ்ல ஒருவாட்டி. எவனுக்குமா கெடைக்கும் இந்த யோகம்?" என்று சிரித்தார். புத்தூர் தாண்டும்போது கண்டக்டரிடமும் ஷூட்டிங் போகிற விஷயத்தைச் சொல்லி வைத்தாராம்.

காலையில் பிழைக்கிற கிளை. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணாக நடிக்க, அந்த நிறுவனத்தில் படிக்கிற நளினி வந்திருந்தாள். முதலில் தெலுங்கு. "அம்மோ, குண்டெ நொப்பி!" என்று நெஞ்சில் அறைந்துகொண்டு ஆதிநாராயணன் போட்ட சத்தத்தில், லாட்ஜ் மேனேஜர் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று மாடியேறி ஓடிவந்தார். நளினி சிரித்துவிட்டாள். தேவசேனா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நைனா, நெஞ்சு வலிக்கிறவங்க இப்பிடியா கத்துவாங்க? அடக்கமா பண்ணு."

"அடக்கமா பண்ணா பாக்கறவனுக்கு எப்பிடிமா தெரியும்?"

"அதெல்லாம் தெரியும். ஓவர் ஆக்டிங் வேணாம் நைனா, உன் கால்ல விழறேன்."

அவர் தலையாட்டினார். அடுத்த தடவை இன்னும் சத்தமாகக் கத்தினார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது! ஆனால் அந்தக் கிளையின் கடைசிக் காட்சியை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணையில் சாய்ந்தபடி, நேரே கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பாடம் படிக்கிறவரைப் பார்த்து நன்றி சொல்கிற மாதிரி. "இப்ப பரவால்லமா. மூச்சு நல்லா வருது. நீ இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேனோ!" சொல்லிவிட்டு, எழுதிக் கொடுக்காத ஒரு சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார். அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

மத்தியானம் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவிட்டார். வெயில்தான் என்றார். எல்லாரும் வெயில்தான் என்று நினைத்தார்கள்.

சாகிற கிளையை எடுப்பதில் கமலக்கண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தப்பான கிளையை அவன் வெட்டவே மாட்டான். "தப்பு பண்ணவங்க அந்த நேரத்த முழுசா ஒக்காந்து பாக்கணும், அப்பத்தான் மனசுல நிக்கும்" என்பான். அதனால் நளினி சோடா கொடுப்பாள், படுக்கவைப்பாள், உள்ளே போய்விடுவாள். அதற்குப் பிறகு கேமரா நிற்காமல் ஓடும். நோயாளி எழுந்து உட்கார்ந்து, தவித்து, சரிய வேண்டும். தேவசேனா கட் சொல்லும் வரை யாரும் அசையக்கூடாது, இருமக்கூடாது.

அசையாமல் இருப்பது பெரிய காரியம் இல்லை. வெளியே சாலைதான் வம்பு. அலிபிரிக்கு நடந்து போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக "கோவிந்தா! கோவிந்தா!" என்று குரல் கொடுத்துக்கொண்டு போவார்கள், ஒலிப்பதிவு பாழாகும். சாமி பெயரைத் திட்டவும் முடியாது. அன்றைக்குத் தெலுங்குக் காட்சி திரும்பத் திரும்பக் கெட்டது. ஆதிநாராயணன் ஒவ்வொரு தடவையும் சோடா குடித்து, படுத்து, எழுந்து, சரிந்தார். முணுமுணுக்கக்கூட இல்லை. கடைசியில் ஒருவழியாகத் தெலுங்கு முடிந்து தமிழ் ஆரம்பித்தது.

ஆரம்பித்ததும் சாலை அடங்கிவிட்டது. ஒரு கோவிந்தா இல்லை, ஒரு ஹாரன் இல்லை. தேவசேனா மனதுக்குள் ஏழுமலையானுக்கு நன்றி சொன்னாள். பாவி, அதற்கு நன்றி வேறு சொன்னாள்!

நளினி சோடாவைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஆதிநாராயணன் படுத்தார். மெல்ல எழுந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை கத்தவில்லை. நெஞ்சில் அறைந்துகொள்ளவில்லை. இடது தோளுக்குக் கீழே உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. முகத்தைத் திருப்பி, கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்து வாயைத் திறந்தார்.

தேவசேனாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காலையிலிருந்து தொண்டை வற்றக் கேட்டது இதைத்தானே! தன் குரலைப் பிறகு ஒலிப்பதிவிலிருந்து நீக்கிவிடலாம் என்று, அவருடைய காதுக்கு எட்டும்படி உரக்கச் சொன்னாள். "இதான் நைனா! இதான் நடிப்பு! அப்பிடியே பண்ணு!"

ஆதிநாராயணன் திறந்த வாயை மூடிக்கொண்டார். முகத்தைத் திருப்பி, எங்கே பார்க்கச் சொல்லியிருந்தார்களோ அங்கே பார்த்தார். சுவரில் சாய்ந்தார். கமலக்கண்ணன் கேமராவுக்குப் பின்னாலிருந்து மனைவிக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேமரா ஓடியது. அவர் ஒருபக்கமாகச் சரிந்த பிறகும், படிக்கிறவர்களின் மனதில் நிற்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஓடவிட்டார்கள்.

"கட். போதும் நைனா, எழுந்திரு" என்றாள் தேவசேனா. அவர் எழுந்திருக்கவில்லை. காது கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை கூப்பிட்டாள். நளினிதான் முதலில் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து அலறினாள். 108 வந்தது, ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். நேரமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

பாழாய்ப்போன பாராட்டு! பொழுதுக்கும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தவள், அந்த ஒரு தடவையும் திட்டியிருக்கக்கூடாதா? திட்டியிருந்தால் அவர் வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொல்லியிருப்பார். மகள் முதல்முறையாக நன்றாயிருக்கிறது என்று சொன்னாளே, அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தேவசேனா அந்தக் காட்சியை ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். அந்த வாய் மூடுகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அம்மாவிடம் அவள் வேறு மாதிரி சொல்லியிருந்தாள். "ஷூட்டிங்லாம் முடிச்சி, கை கால் கழுவினு வந்து ஒக்காந்தாருமா. அப்பிடியே போயிட்டாரு. யாராலயும் ஒண்ணும் பண்ண முடியல." கமலக்கண்ணன் பக்கத்தில் தலை குனிந்து நின்றான். ஊரெல்லாம் அதைத்தான் நம்பியது.

நிறுவனத்துக்காரர்கள் நல்லவர்கள், வேறு ஆளை வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் கமலக்கண்ணன், கையைச் சும்மா வைத்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்ததால், துக்க நாட்களிலேயே காட்சிகளை வரிசையாகக் கோத்து, கேள்வியும் பட்டனும் வைத்துப் பாடத்தைக் கட்டியிருந்தான். அ பட்டனுக்குப் பின்னால் அந்தக் காட்சி. அதன் முடிவில், முன்னமே பதிவு செய்துவைத்த தேவசேனாவின் குரல். 'நீங்கள் சோடா கொடுத்துக் காலம் கடத்தினீர்கள். அதனால் நோயாளி இறந்துவிட்டார்.'

அம்மாவுக்கு ஆ கிளையை மட்டும் காட்டுவது என்று தேவசேனா முடிவு செய்தாள். மவுஸ் தன் கையில்தானே இருக்கப்போகிறது. கேள்வி வந்ததும் ஆ-வை அழுத்திவிட்டால் நைனா கட்டிலில் உட்கார்ந்து சிரிப்பார், அம்மா அழுதுவிட்டு ஊருக்குப் போய்விடுவாள். மற்றது அவள் கண்ணில் படவே கூடாது.

கிருஷ்ணம்மா வந்தாள். வெற்று நெற்றியோடு அம்மாவைப் பார்க்கத் தேவசேனாவுக்கு இன்னும் பழகவில்லை.

"மொதல்ல கொஞ்சம் சோறு துன்னுமா. அப்பறம் பாக்கலாம்."

"சோறு எங்க போவுது? அத காட்டு."

கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். பாடம் ஓடியது. ஆதிநாராயணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, நெஞ்சு வலிக்குதே!" என்று ஒரு கத்துக் கத்தினார். கிருஷ்ணம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கத்தறத பாரு. ஊட்லயும் காபிக்கு இப்பிடித்தான் கத்துவாரு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படம் நின்றது. கேள்வி வந்தது. இந்தப் பாடத்துக்கு அவசரமே கிடையாது, யாராவது அழுத்தும் வரைக்கும் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். தேவசேனா அம்புக்குறியை ஆ-வை நோக்கி நகர்த்தினாள்.

கிருஷ்ணம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இரு. இன்னா எழுதிக்கீது? படி." அவளுக்குத் தெலுங்கு எழுத்துதான் தெரியும்.

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தேவசேனாவுக்கு ஓடவில்லை. இரண்டையும் உள்ளபடி படித்துவிட்டாள்.

கிருஷ்ணம்மா பிடித்த மணிக்கட்டை விடவில்லை. திரையில் உறைந்து நின்ற புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசமா இருந்திச்சிடி அவருக்கு" என்றாள் கடைசியில்.

"இன்னாமா?"

"இந்த வலிதான். திடீர்னு எழுந்து ஒக்காந்துக்குவாரு, நெஞ்ச தேச்சிக்குவாரு. உங்கிட்ட சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போவே, ஷூட்டிங்கும் வேணாம்னு சொல்லிடுவேன்னு, சொல்லக்கூடாதுன்னு என் தல மேல சத்தியம் வாங்கிக்கினாரு. கேஸுதான்னு நானும் சோடா வாங்கி வாங்கிக் குடுத்துக்கினு இருந்தேன். ஒரு ஏப்பம் வுட்டுட்டு, போயிடிச்சி கிருஷ்ணம்மானு படுத்துக்குவாரு." அவள் குரல் உடைந்தது. "அது தப்பாடி? நாந்தான் அவர சாவடிச்சிட்டனா?"

"ஐயோ, இல்லமா!"

"நீ சொல்லாத. உனுக்கு என் மேல பாசம், நீ அப்பிடித்தான் சொல்லுவ. இது படிச்சவங்க செஞ்ச பாடந்தானே, இது சொல்லட்டும். சோடாவ அமுக்கு. இன்னா ஆவுதுன்னு பாக்கணும்."

"வேணாம்மா."

"அமுக்குடி!"

தேவசேனா அ பட்டனைப் பார்த்தாள். அந்த ஒரு பட்டனுக்குப் பின்னால் எல்லாம் இருந்தது. அவர் தவித்த தவிப்பு, அவள் கூவிய பாராட்டு, சும்மா நின்று பார்த்த கூட்டம். தன் மேல் வருவது போகட்டும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் கடைசியில் அந்தக் குரல் வருமே! நீங்கள் சோடா கொடுத்தீர்கள், அதனால் இறந்துவிட்டார் என்று பெற்ற மகளின் குரலே சொல்லுமே! அதைக் கேட்டுவிட்டு, அந்த வீட்டில் தனியாக, அம்மா எப்படி மிச்ச நாளைத் தள்ளுவாள்?

"இது இன்னும் சரியா சேக்கலமா. ஒரு நிமிஷம் அப்பிடி ஜன்னல் பக்கம் ஒக்காரு, சேத்துட்டுக் கூப்பிடறேன்" என்றாள்.

அம்மா எழுந்துபோனதும் பாடத்தைக் கட்டுகிற திரையைத் திறந்தாள். அ பட்டனிலிருந்து ஒரு கோடு கிளம்பி அந்தக் காட்சிக்குப் போயிருந்தது. அதை அறுத்தாள். கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒட்டினாள். தினமும் செய்கிற வேலைதான், கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். இன்றைக்கு ஒட்டிய இடத்தை இரண்டு தடவை சரிபார்த்தாள். தெரிந்தே ஒரு கிளையைத் தப்பாகக் கட்டுவது அவளுக்கு அதுதான் முதல்முறை.

வாசற்படியில் நின்ற கமலக்கண்ணனுக்கு அவள் செய்வது புரிந்துவிட்டது. கிட்டே வந்து கிசுகிசுத்தான். "தப்பு தேவசேனா. நாளைக்கு அவங்களுக்கே வலிச்சா சோடா குடிச்சிக்கினு ஒக்காந்திருப்பாங்க."

"பொறவு நான் பக்கத்துல ஒக்காந்து எடுத்துச் சொல்றேங்க. இன்னைக்கி வேணாம். இன்னைக்கி அவங்களால தாங்க முடியாது."

அவன் வாசற்படிக்கே திரும்பிப் போய்விட்டான்.

கிருஷ்ணம்மா வந்து உட்கார்ந்தாள். தானே அழுத்துவேன் என்றாள். மவுஸின் மேல் அவள் கை, அதன் மேல் மகளின் கை. அ பட்டன் அமுங்கியது.

ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது. தலையணையில் சாய்ந்துகொண்டு ஆதிநாராயணன் நேரே கிருஷ்ணம்மாவைப் பார்த்தார். "இப்ப பரவால்லமா. மூச்சு நல்லா வருது. நீ இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேனோ!" சொல்லிவிட்டுச் சிரித்தார்.

கிருஷ்ணம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். காரியத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. "பொழச்சிக்கினாருடி! சோடா குடுத்தா பொழச்சிக்கினாரு பாரு! நான் சரியாத்தான் குடுத்துக்கீறேன்" என்று அழுகைக்கு நடுவே சொன்னாள். அவளுடைய தோள்கள் தளர்ந்தன. தேவசேனாவுக்கு அப்பாடா என்றிருந்தது. நைனாவுக்குச் செய்ய முடியாததை அம்மாவுக்காவது செய்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அழுகை மெல்ல ஓய்ந்தது. கிருஷ்ணம்மா மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு மகளின் பக்கம் திரும்பினாள். அந்த முகம் வேறாக இருந்தது.

"ஊட்ல நான் குடுத்தப்பல்லாம் பொழச்சிக்கினாரு" என்றாள். "அன்னைக்கி அவரு உங்கூடத்தானே இருந்தாரு. கீழ எறங்குனா கடை. ஒரு சோடா வாங்கிக் குடுக்கணும்னு தோணலியாடி உனுக்கு?"

"அத்தை, அது வந்து..." என்று கமலக்கண்ணன் உள்ளே வந்தான். தேவசேனா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

அன்றைக்கு எத்தனை சோடா குடித்தார் நைனா! கடைசியாக அவர் தொண்டையில் இறங்கியதே சோடாதான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பழி நீங்கிவிடும். நீங்குகிற பழி எங்கே போய் உட்காரும் என்று அவளுக்குத் தெரியாதா?

"தோணலமா" என்றாள் தேவசேனா.

கிருஷ்ணம்மா அவள் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு இன்னொன்று. "பெத்த நைனாடி! ஒரு சோடாடி! உன்ன நம்பித்தானேடி அனுப்பனேன்!" தேவசேனா நகரவில்லை, கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை. அடிக்கிற கை தானாக ஓய்கிறவரைக்கும் வாங்கிக்கொண்டாள்.

கிருஷ்ணம்மா திரையின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். மகளின் முகத்தைப் பார்க்காமலே, "இன்னொரு தடவ போடு" என்றாள்.

தேவசேனா போட்டாள்.